டிரம் காயாத வீடு

ஆயுத பூஜை அன்று எங்கள் வாசலில் இருந்தவர்கள்: என் அண்ணன் கஜேந்திரன். அண்ணி சுலோச்சனா. என் மனைவி லலிதா. என் மகள் பார்கவி. சத்தியவேடு பக்கம் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை, முந்தின நாள் சாயந்திரம்தான் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். அப்புறம் நான், தாமோதரன். ஐந்து பேர். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை.

இதே பட்டியலைப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு மேடம் கேட்டார். அப்போது நான் சரியாகச் சொல்லவில்லை. அதனால் இங்கே முதலில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆந்திராவில் சித்தூர் பக்கம், குடிபாலா மண்டலம். நான் டிராக்டரில் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவன். ஏழாவது வரை தெலுங்குப் பள்ளி. தமிழ் வீட்டில் கற்றது.

அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே வாசல். வாசலில் நான்கு நீல டிரம். ஊர்க்குழாயில் ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். எங்கள் டிரம் மட்டும் எப்போதும் விளிம்பு வரை நிற்கும். தண்ணீர் ஓட்டுகிறவன் வீட்டு டிரம் காலியாக நின்றால் கேவலம் என்று நினைப்பேன். கொஞ்சம் குறைந்தாலும் மேலே ஊற்றிவிடுவேன். நான்கு வருடமாக அதன் அடியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

சுகாதார நர்சம்மா வாரா வாரம் வந்து கத்துவார். வெள்ளிக்கிழமை தோறும் டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிட வேண்டும். அது சர்க்கார் வைத்த நாள். அண்ணி விடமாட்டார்.

"வெள்ளிக்கெழம அதுவுமா நிறைஞ்ச தண்ணிய யாராச்சும் கொட்டுவாங்களா? வேற கெழமையே கெடைக்கலையா உங்க ஆபீசருக்கு?"

"சரி, சனிக்கெழம கொட்டு அக்கா."

"சனிக்கெழம பெருமாளுக்கு வீடு கழுவணும். தண்ணி வேணும்."

"அப்ப என்னிக்குத்தான் கொட்டுவ?"

"எங்க தாமு லோடு அடிக்கிறத நிறுத்தற அன்னிக்கு."

நானும் சிரித்தேன்.

ஆயுத பூஜைக்கு டிராக்டரைக் கழுவிப் பொட்டு வைத்தோம். அண்ணி டிரம்முக்கும் வைத்தார். நான்குக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். "அதுங்களும்தான் இந்த ஊட்டுல உழைக்குது" என்றார்.

ஆறாம் நாள் வியாழக்கிழமை, பார்கவிக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது, முட்டி கழன்றுபோகிறது என்றாள். அவள் ஹாஸ்டல் அறையில் ஒரு பெண்ணுக்கு டெங்கு என்று வந்த அன்றே சொல்லியிருந்தாள். சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். காய்ச்சலின் முதல் நாட்களில் அந்தக் கிருமியின் ஒரு துண்டு ரத்தத்தில் மிதக்குமாம். அட்டையில் இரண்டு துளி விட்டால் கோடு விழும். விழுந்தது.

சனிக்கிழமை, நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, வீட்டில் அண்ணிக்கும் காய்ச்சல். லலிதா போனில் கேட்டதற்கு, "வெயில்ல நின்னது. நீ பொண்ணப் பாரு" என்றார்.

பார்கவிக்குத் தட்டணு குறைந்தது. காயத்தில் ரத்தத்தை உறையவைக்கும் சின்னத் துகள் அது. லட்சக்கணக்கில் இருக்க வேண்டியது. அறுபத்திரண்டாயிரம் என்றார்கள். மறுநாள் முப்பத்தோராயிரம். ஈறில் ரத்தம் வந்தது. திங்கட்கிழமை ஆம்புலன்சில் திருப்பதிக்கு அனுப்பினார்கள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டுக்கு வெளியே ஒரு நீள வராண்டா. உள்ளே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. லலிதா உள்ளே, நான் வெளியே. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓட வேண்டும். ரத்தக் குழாயை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். என் கைச்சூடு படாமல் துண்டில் சுற்றி எடுத்துப்போவேன். அப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தேன்.

அங்கே ஒரு டாக்டர் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். இந்தக் காய்ச்சலில், காய்ச்சல் இருக்கிறவரை பயமில்லை. காய்ச்சல் விட்ட பிறகுதான் இரண்டு நாள் ஆபத்து. ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும். உடம்பு குளிர்ந்ததும் நன்றாகிவிட்டது என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

கேட்டுக்கொண்டேன். பார்கவிக்கு அன்று சாயந்திரம் உடம்பு குளிர்ந்தது. லலிதாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, நான் உள்ளே போய் அவள் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்குச் சித்தூர் பஸ் கண்டக்டர் போன் செய்தார். கேரியர் வந்திருக்கிறது. அண்ணி கஞ்சி வைத்து, அண்ணனிடம் கொடுத்து, அண்ணன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார். மூடியில் அண்ணி பெயர் வெட்டிய கேரியர். அடித்தட்டில் எனக்குச் சோறு, மிளகாய் வதக்கல். புதன்கிழமையும் வந்தது.

புதன்கிழமை அண்ணியே பேசினார்.

"தாமு, பொண்ணு துன்னுதா?"

"துன்னுது அண்ணி."

"எனக்குக் காச்சல் விட்டுடுச்சி. உடம்பு ஜில்லுனு கீது. நாளைக்கு நானே கேரியர எடுத்துகினு வர்றேன்."

"சரி" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். இரண்டு நாள் முன்னால் கேட்டது. ஒரு நிமிடம் பேசியிருந்தால் போதும். பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. போனை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் அண்ணி குடம் எடுக்கப்போய் டிரம் பக்கத்தில் விழுந்தார். சித்தூரில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். பதினொன்றரைக்கு இறந்துபோனார்.

நான் ஊருக்குப் போனேன். அன்று சாயந்திரமே எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டில் அண்ணன் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"உம் பொண்ணு பையில துணி மட்டும் கொண்ணாரலடா."

நான் பேசவில்லை.

"ரூம்ல ஒருத்திக்கு டெங்குன்னு அவளே சொன்னா. அப்புறம் எதுக்கு ஊட்டுக்கு வந்தா? இவ கையால துன்னுட்டு, இவளுக்கே குடுத்துட்டா."



வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது பார்கவி கையில் லலிதாவின் போன் இருந்தது. லலிதா மருந்து வாங்கப் போன நேரத்தில் அண்ணன் கூப்பிட்டிருக்கிறார். என்னிடம் சொன்னதை அவளிடமே சொல்லிவிட்டார். பெரியம்மா செத்தது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எதையும் குடிக்கவில்லை.

ஆபத்து நாள் தாண்டிவிட்டது, ஆனால் நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது, ஈரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். இனி ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்ற முடியாது. ஏற்றினால் அது நெஞ்சில் போய் நிற்கும், மூச்சு அடைக்கும். வாயால் குடித்தால்தான் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கு ஒரு முறை.

லலிதா தம்ளரை வைத்துக்கொண்டு கெஞ்சினாள்.

"ஒரு வாய், கண்ணு. ஒரே வாய்."

"அந்தக் கேரியர எடுத்துடும்மா. கண்ணுல காட்டாத."

"எடுத்துடறேன். குடி."

"பெரிம்மாவ நான் கொன்னுட்டேன். அந்த ஊட்டுக்கு வரமாட்டேன்."

ஒரு நாள் முழுக்கப் போனது. உதடு வெடித்தது. தட்டணு பதினாலாயிரத்தில் நின்றது. லலிதா வராண்டாவுக்கு வந்து, "ஏங்க, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றாள். எந்த வார்த்தையைச் சொல்வது? என்னிடம் இருந்தது ஒன்றுதான், டாக்டர் சொன்னதை அண்ணியிடம் சொல்லாமல் விட்டது. அதை என்னால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை ஒரு மேடம் வந்தார். மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருப்பவர், பெயர் ஸ்ரவந்தி. தெலுங்குக்காரர், எங்களிடம் தமிழ் கலந்து பேசுவார். மீதமுள்ள ரத்தத்தில் கிருமியின் எழுத்தைப் படிக்கப்போகிறோம், சம்மதமா என்று கேட்டார். என்னையும் உள்ளே கூப்பிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினார். பார்கவி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

கிருமிக்கு எழுத்தா என்றேன்.

எங்கள் ரேஷன் கார்டு நகலை அவர் கையில் வைத்திருந்தார். கூட்டாக இருந்தபோது எடுத்த கார்டு, எல்லோர் பெயரும் இருக்கும். "அண்ணா, இதுல உங்க அண்ணன் உங்களைவிட மூணு வருஷம் சின்னவரா இருக்காரே?"

"எழுதினவர் வயசை மாத்திப் போட்டுட்டாரு, மேடம். அப்புறம் ஓட்டு கார்டு, ஆதார் எல்லாத்துலயும் அதே தப்பு."

"அப்ப நாளைக்கு ஏதோ ஒரு கார்டைக் காட்டினா, அதுல இந்தத் தப்பு இருந்தா, இதைப் பார்த்து எழுதினதுன்னு சொல்லிடலாம் இல்லையா?"

"சொல்லலாம்."

"கிருமியும் அதே" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். டெங்கு கிருமி என்பது ஒரு நீள வாக்கியம். பத்தாயிரத்து எழுநூறு எழுத்து. எழுத்து வகை நான்குதான். உடம்புக்குள் அது தன்னைப் பார்த்துத் தானே நகல் எடுக்கும். எடுக்கும்போது எப்போதாவது ஒரு எழுத்து தப்பும். அந்தத் தப்பு அடுத்த நகலுக்கும் போகும். இரண்டு பேர் கிருமியை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரே தப்பு இருந்தால் நெருங்கிய சொந்தம். நூற்றுக்கணக்கில் வேறுபட்டால் எப்போதோ பிரிந்த கிளை. டெங்குவில் நான்கு வகை, அண்ணன் தம்பி மாதிரி. மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் எல்லாம் அதற்குப் பங்காளி. சிக்குன்குன்யா அதே கொசுவில் ஏறி வந்தாலும் வேறு குலம்.

பிறகு பேனாவை எடுத்தார். பூஜை அன்று வீட்டில் யார் யார் என்றார். என்னைச் சேர்க்காமல் நான்கு பேரைச் சொன்னேன். யாருக்கெல்லாம் காய்ச்சல், எந்தத் தேதி?

"பொண்ணுக்கு வியாழன். அண்ணிக்கு சனி."

"அதுக்கு முன்னால?"

"யாருக்கும் இல்ல."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அப்படி இருக்க முடியாதுண்ணா. கொசு ஒருத்தரைக் கடிச்ச உடனே இன்னொருத்தருக்குக் குடுக்காது. கிருமி கொசு வயித்துல எட்டு பத்து நாள் வளரணும். அப்புறம் கடிச்சு, காய்ச்சல் வர நாலு நாளாவது ஆகும். உங்க பொண்ணுகிட்டருந்து ரெண்டு நாள்ல அண்ணிக்குப் போயிருக்காது. இவங்க ரெண்டு பேருக்கும் முன்னால அந்த வாசல்ல ஒருத்தர் காய்ச்சலோட இருந்திருக்கணும்."

பார்கவி திரும்பினாள். அவரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் எழுந்து வராண்டாவுக்குப் போனேன். விரல் விட்டு எண்ணினேன். பதினெட்டு நாள் வந்தது.

பார்கவிக்குக் காய்ச்சல் வருவதற்குப் பதினெட்டு நாள் முன்னால் நான் திருப்பதியிலிருந்து ஊருக்கு வந்தேன். ஒரு கட்டட வேலைக்குப் பன்னிரண்டு நாள் தண்ணீர் ஓட்டிவிட்டு வந்தேன். வந்த அன்றே உடம்பு கொதித்தது. நான்கு நாள். வீட்டில் சொல்லவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு டேங்கர் ஓட்டினேன். முடியாத பகல்களில் வாசலில் டிரம் நிழலில் துண்டை விரித்துப் படுத்தேன். இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும். நான் அசதியில் கையைக்கூட வீசவில்லை.

நர்சம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் திட்டி, ஒரு குழாய் ரத்தம் எடுத்தார். திருப்பதிக்கு அனுப்புவேன், முடிவு வந்தால் போன் வரும் என்றார். நம்பர் எழுதிய பச்சைச் சீட்டு ஒன்று கொடுத்தார். "ஊட்டுல சொல்லாதீங்கம்மா" என்றேன். பிறகு தெரியாத நம்பரிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. எடுக்கவில்லை. உடம்பு சரியாகிவிட்டது, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

உள்ளே போனேன். மேடம் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் வந்திச்சி" என்றேன்.

லலிதா தம்ளரைக் கீழே வைத்தாள். எல்லாம் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசி அவர்கள் கேட்டதில்லை.

பார்கவி என்னையே பார்த்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பொய் சொல்ற நைனா."

"இல்ல கண்ணு."

"என்னைத் துன்ன வைக்கறதுக்கு சொல்ற. காச்சல்னு நீ ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப மட்டும் எங்கருந்து வந்திச்சி?"

அவள் சொன்னது சரி. இருபது வருடமாக ஒன்றும் சொல்லாதவன் இன்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மேடம்தான் கேட்டார். "அண்ணா, அந்தச் சீட்டு இருக்கா?"

பஸ் ஏறினேன். சித்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ. வாசலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிராக்டர் சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் பெட்டியைத் திறந்தேன். பச்சைச் சீட்டு கிரீஸ் பட்டுக் கறுத்திருந்தது. நம்பர் தெரிந்தது. அதே கையோடு திரும்பினேன்.

மேடம் சீட்டைக் கட்டிலுக்கு எதிரில் வைத்துப் பார்த்தார். "இந்தக் குழாய் எங்ககிட்ட ஃப்ரீசர்ல இருக்கும். ஊர்ல எடுத்தது, சித்தூர்ல உங்க அண்ணிக்கு எடுத்தது, ஹாஸ்டல் பக்கம் எடுத்தது, எல்லாத்தையும் வச்சிருக்கோம். தேடறேன்" என்றார். பிறகு பார்கவியிடம், "எழுத்து பொய் சொல்லாதும்மா. உங்க நைனாவுக்காகவும் சொல்லாது, உனக்காகவும் சொல்லாது. படிக்க மூணு நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் நீ இருக்கணும் இல்ல?"

பார்கவி என் பக்கம் திரும்பினாள்.

"காயிதத்துல காட்டு நைனா. அப்ப வர்றேன்."

லலிதா தம்ளரை நீட்டினாள். கால் தம்ளர் குடித்தாள். வாந்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தோம். அப்படியே ஐந்து நாள். தட்டணு ஏறியது. நெஞ்சு நீர் வற்றியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் ஊருக்கு வரவில்லை. புத்தூரில் லலிதாவின் தங்கை வீட்டில் போய் இருந்தாள். லலிதாவும் கூடப் போனாள். நான் மட்டும் ஊருக்கு வந்தேன்.

வாசலில் நர்சம்மா ஆள் வைத்து டிரம்மையெல்லாம் கவிழ்த்திருந்தார். அடியில் விரல் கனம் பாசி. அண்ணி வைத்த பொட்டு தலைகீழாக இருந்தது. சந்தனம் மேலே, குங்குமம் கீழே. அண்ணன் அதைத் துடைக்க விடவில்லை. ஒரே வாசலில் இரண்டு ஆம்பிளைகள் தனித்தனியாகப் பொங்கித் தின்றோம். ஒரு மாதம்.

மேடம் கூப்பிட்டார். தெரியாத நம்பர்தான். எடுத்தேன்.

திருப்பதியில் ஒரு காகிதம் கொடுத்தார். இது ரிப்போர்ட் இல்லை, உங்கள் பெண்ணுக்காக நான் கையால் எழுதுவது என்றார். மூன்று வரி. கீழே ஒரு மரம் மாதிரி கோடு போட்டிருந்தார். ஒரு கிளையில் திருப்பதியில் எடுத்த கிருமிகள். அதன் நுனியில் நாங்கள் மூன்று பேரும், ஒரே கொத்தில். ஹாஸ்டல் பக்கம் எடுத்தது எங்கோ தள்ளி, வேறு கிளை. பார்கவிக்கும் அதற்கும் முந்நூற்றுப் பதினோரு எழுத்து வேறு. பார்கவிக்கும் எனக்கும் ஒன்று.

"எந்தக் கொசு யாரைக் கடிச்சதுன்னு இது சொல்லாதுண்ணா" என்றார். "யார் தப்புன்னும் சொல்லாது. சொந்தம் மட்டும்தான் சொல்லும்."

புத்தூரில் இறங்கிப் பார்கவியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள். அழவில்லை. மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"பெரிப்பாகிட்ட நீதான் சொல்லணும் நைனா. நான் சொல்லமாட்டேன்."

"சொல்றேன்."

"காயிதத்தக் குடுத்துட்டு ஓடி வந்துடாத. வாயால சொல்லு."

ஊருக்கு வந்தபோது அண்ணன் கவிழ்ந்த டிரம்மின் மேல் கையை வைத்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"இன்னாடா அது?"

சொன்னேன். திருப்பதி, காய்ச்சல், டிரம் நிழல், பச்சைச் சீட்டு, எடுக்காத போன். எழுத்து எப்படித் தப்பும், தப்பை வைத்து எப்படிச் சொந்தம் பார்ப்பார்கள் என்பதை எங்கள் ரேஷன் கார்டை வைத்தே சொன்னேன். அண்ணி போனில் காய்ச்சல் விட்டது என்று சொன்னதையும், நான் சரி என்றதையும் சொன்னேன். அது காகிதத்தில் இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

அண்ணன் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. டிரம்மில் தலைகீழாக இருந்த பொட்டைக் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அதுல, உனக்கும் சுலோச்சனாவுக்கும் எத்தினி எழுத்துடா வித்தியாசம்?"

முதல் வரி அதுதான். பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

சைபர்.